ராகுகாலத்துக்கு முன்னால் வந்த பை

பயங்கரவாதத்தை எதிர்த்து இந்த நாடு எடுத்த முதல் நடவடிக்கை, நான் கண்ணால் கண்டவரை, குப்பைத்தொட்டிகளைக் கழற்றியதுதான். குண்டு வைப்பவர்கள் தொட்டிக்குள் வைக்கிறார்கள், ஆகவே தொட்டி இருக்கக்கூடாது. இரண்டாவது நடவடிக்கை, லண்டனில் நான் பொறுப்பாக இருந்த ரயில் நிலையப் பிளாட்போமில் குப்பை கிடக்கிறது என்று எனக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. இரண்டு உத்தரவுகளும் ஒரே தலைமையகத்தின் இரண்டு மாடிகளிலிருந்து வந்தன. அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் இருந்தது. யாரும் அதில் ஏறி மற்ற மாடிக்குப் போய்க் கதைத்ததாகத் தெரியவில்லை.

இதை இப்போது எழுதக் காரணம் கஜன். நான் வேலை பார்த்த தடத்திலேயே இன்று நிலைய மேற்பார்வையாளராக இருக்கும் பிள்ளை. புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுக்கச் சொல்லிவிட்டார்களாம். ஒரு கலியாண வீட்டில் என்னைப் பிடித்துக்கொண்டு, "அங்கிள், அந்த நேரம் ஐரிஷ் பொம் எல்லாம் வெடிக்கேக்கை நீங்கள் என்ன செய்தனீங்கள்? இப்ப எல்லாரும் வெஸ்டேர்ன் கன்ட்ரீஸ் என்ன செய்யவேணும் எண்டுதான் ரீவியிலை கதைக்கினம்," என்றான். பக்கத்தில் இருந்த ஒரு டொக்டர் நான் வாய் திறப்பதற்குள் பதில் சொல்லத் தொடங்கினார். எல்லைகளை மூடவேண்டும் என்றார். அவர் எண்பத்து நான்கில் அகதியாக இந்த நாட்டுக்கு வந்தவர். நான் பாயாசத்தைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். கஜனுக்குச் சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் படித்தது பொருளியல். இலங்கையில் ஓர் அரச திணைக்களத்தில் நல்ல பதவிக் கதிரை ஒன்று இருந்தது. எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு கதிரையும் இல்லை, கட்டடமும் இல்லை. லண்டனில் சுரங்க ரயிலில் டிக்கட் பார்க்கும் வேலைக்கு நேர்முகம் போனபோது, என் பட்டத்தைப் பார்த்தவர், "உங்களுக்கு இது அலுப்பாக இருக்குமே," என்றார். இருந்தது. அலுப்புக்கு மருந்தாக விதிப்புத்தகத்தைப் படித்தேன். மற்றவர்கள் சோதனைக்காகப் படித்தார்கள். நான் அதன் முரண்பாடுகளுக்காகப் படித்தேன். சில வருடங்களில் என்னை மேற்பார்வையாளர் ஆக்கிவிட்டார்கள். அப்டன் பார்க்கிலிருந்து நடந்து போகக்கூடிய தூரத்தில் ஒரு நிலையம், பெயர் வேண்டாம். எங்கள் சனம் என்னை "மாஸ்டர்" என்று கூப்பிட்டது. ஆங்கிலேயர்கள் சபாநாதன் என்ற பெயரை நறுக்கி "மிஸ்டர் நேதன்" ஆக்கினார்கள்.

கேட்பாரற்ற பொருள் ஒன்று கிடந்தால் என்ன செய்வது என்பதற்கு ஒரு நடைமுறை இருந்தது. மூன்று கேள்விகள். பொருள் ஒளித்து வைக்கப்பட்டிருக்கிறதா? பார்த்த உடனே ஆபத்தாகத் தெரிகிறதா, அதாவது வயர், பற்றரி, கசிவு ஏதாவது உண்டா? மூன்றாவது, இந்த இடத்தில் வழக்கமாகக் கிடக்கக்கூடிய பொருள்தானா? இந்த மூன்றையும் பார்த்து முடிவு செய்ய வேண்டியவர் நிலைய மேற்பார்வையாளர். முடிவு செய்யும்வரை அது வெறும் பொருள். "சந்தேகத்துக்குரியது" என்ற சொல்லை ரெலிபோனிலோ ரேடியோவிலோ யாராவது ஒருமுறை சொல்லிவிட்டால் அதைத் திருப்பி எடுக்க ஏலாது. சொன்னவரே "பிழையாகச் சொல்லிவிட்டேன்" என்றாலும் ஏலாது. ரயில்கள் நிற்கும், தெரு மூடப்படும், இராணுவ வண்டி வரும், தேவைப்பட்டால் பொருளை அங்கேயே வெடிக்க வைப்பார்கள். அந்தக் காலத்தில் லண்டன் ரயில் நிலையங்களில் வெடித்து அழிந்த சாப்பாட்டுப் பெட்டிகளுக்கும் ஜிம் சப்பாத்துகளுக்கும் யாராவது ஒரு நினைவுச்சின்னம் கட்டவேண்டும்.

மூன்றாவது கேள்விதான் என்னை எப்போதும் எரிச்சலூட்டியது. வழக்கமான பொருள் என்றால் யாருடைய வழக்கம்? புத்தகம் எழுதியவருக்குக் குடையும் பத்திரிகையும் வழக்கம். எங்கள் நிலையத்தில் பாதிப் பயணிகள் பத்துக் கிலோ அரிசியோடும் கருவாட்டுப் பொதியோடும் ஏறுவார்கள்.

எனக்கு மேலே இருந்தவர் மிஸ்டர் வில்மட். ஐந்து நிலையங்களுக்குப் பொறுப்பானவர். நெட்டையான, ஒடிசலான மனிதர். உள்ளே வந்ததும் கையுறையை விரல் விரலாகக் கழற்றுவார். அது முடியும்வரை எதுவும் கேட்கமாட்டார், எதுவும் சொல்லவும் கூடாது. பிறகு ஒரு கேள்வி கேட்பார். நாங்கள் பதில் சொன்னதும் அதே கேள்வியை அதே சொற்களில் மறுபடி கேட்பார். இரண்டாவது பதில்தான் உண்மையானது என்பது அவருடைய கொள்கை. என் அறிக்கைகளை அரைப்புள்ளி பிழை என்று மூன்று முறை திருப்பி அனுப்பியிருக்கிறார். நான் அவரை வெறுத்தேன் என்று சொல்லமாட்டேன். ஆனால் அவர் மழைக்கோட்டை மாட்டும் ஆணியைப் பார்த்தாலே எனக்குத் தலை இடிக்கும்.

ஆனால் ஒரு பழக்கம் அவரிடம் இருந்தது. கேட்பாரற்ற பொருள் கிடக்கும் இடத்துக்குப் போனால், ஒருமுறை அதை நன்றாகப் பார்ப்பார். பிறகு விலகி வந்து, அதற்கு முதுகு காட்டி நின்று ஆட்களைப் பார்ப்பார். ஏன் என்று ஒருநாள் கேட்டேன். "பொருள் எனக்கு எதுவும் சொல்லாது, மிஸ்டர் நேதன். அதைத் தேடுகிறவரின் முகம் சொல்லும்," என்றார். "குண்டு" என்ற சொல்லை அவர் வாயால் நான் கேட்டதே இல்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு திங்கட்கிழமை. லண்டனின் வேறொரு நிலையத்தில் குண்டு வெடித்துச் சில நாட்கள்தான் ஆகியிருந்தன. எல்லோர் முகத்திலும் தூக்கமின்மை. வில்மட் அன்று எங்கள் நிலையத்தைப் பார்வையிட வந்து, அப்போதுதான் இரண்டாவது கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். டிக்கட் கூண்டில் இருந்தவர் வந்து, பிளாட்போமின் கடைசி வாங்குப் பலகையில் ஒரு பை கிடக்கிறது என்றார். ஏழு மணியளவில் குரங்குத் தொப்பி போட்ட ஒரு மீசைக்காரர் வைத்துவிட்டுப் போனாராம்.

போய்ப் பார்த்தேன். பச்சை நிற ரெக்சின் பை. நைலோன் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டியிருந்தது. முடிச்சில் ஒரு வெற்றிலை. கைபிடியில் சந்தனப்பொட்டு. கயிற்றுக்கும் பைக்கும் இடையில் நன்றாகப் பழுத்த ஓர் எலுமிச்சம்பழம், எங்கள் பேச்சில் தேசிக்காய், இறுக்கிச் சொருகியிருந்தது.

எனக்கு உடனே விளங்கியது. விளங்கிய கையோடு வந்த கோபத்தில் காது சுட்டது.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒருவர் முக்கியமான பயணம் போகவேண்டும். ஆனால் புறப்படவேண்டிய வேளை ராகுகாலமாக இருக்கிறது. என்ன செய்வது? ராகுகாலம் பிறப்பதற்கு முன்பே, நல்ல நேரத்தில், அவர் கொண்டுபோகிற பெட்டியை எடுத்துப்போய்ப் போகிற வழியில் ஓர் இடத்தில் வைத்துவிடுவது. பெட்டி நல்ல நேரத்தில் புறப்பட்டுவிட்டது. ஆகவே பயணமும் தொடங்கிவிட்டது. ஆள் பிறகு எந்த நேரத்திலும் போய் அதை எடுத்துக்கொள்ளலாம். ஊரில் அடுத்த வீட்டு விறாந்தையில் வைப்பார்கள். திங்கட்கிழமை ராகுகாலம் காலை ஏழரைக்குத் தொடங்கி ஒன்பதுக்கு முடியும். குண்டு வெடித்த வாரத்தில், லண்டன் சுரங்க ரயில் நிலையத்தில், கயிறு கட்டிய பையை யாருமில்லாத வாங்கில் வைத்துவிட்டுப் போகக்கூடிய இனம் உலகத்திலேயே எங்கள் இனம் ஒன்றுதான்.

அந்த முனையில் ஆட்கள் நிற்காதபடி மறித்துவிட்டு வில்மட்டிடம் வந்து விடயத்தைச் சொன்னேன்.

"பயணி கெட்ட நேரத்தில் வருகிறார், ஆகவே பயணப்பை நல்ல நேரத்தில் வந்துவிட்டது," என்று அவர் மெதுவாகத் திருப்பிச் சொன்னார். "புத்தகத்தில் இருக்கிறதா?"

"இல்லை."

"புத்தகத்தில் இருக்கிறதா?"

"எங்கள் பஞ்சாங்கத்தில் இருக்கிறது, மிஸ்டர் வில்மட்."

அவர் ரெலிபோனைக் கையில் எடுத்தார், எண்ணைச் சுழற்றவில்லை. "நான் இன்னும் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. நீங்களும் சொல்லவில்லை. சொந்தக்காரரைக் கண்டுபிடியுங்கள்."

மைக்கைப் பிடித்து முதலில் ஆங்கிலத்தில் அறிவித்தேன். பிறகு தமிழில். தமிழில் அறிவிக்கக்கூடாது என்று விதிப்புத்தகத்தில் எந்த இடத்திலும் இல்லை; தேடியிருக்கிறேன். "தமிழ் தெரிஞ்ச ஆக்களுக்கு ஒரு அறிவித்தல். பச்சை ரெக்சின் பையிலை தேசிக்காய் சொருகி, நல்ல நேரம் பாத்து இஞ்சை கொண்டுவந்து வைச்ச ஆள் ஆர் எண்டாலும் ஓடி வாருங்கோ. பேச்சு விழும், ஆனா பை தப்பும்." அந்நிய மொழியில் பயணிகள் மிரட்டப்பட்டார்கள் என்று பிறகு ஒரு முறைப்பாடு வந்தது. அதற்கும் பதில் எழுதினேன்.

சூட் போட்ட ஒரு தமிழ் இளைஞர் வந்து எட்டிப் பார்த்தார். "மாஸ்டர், என்ரை இல்லை. ஆனா உது சின்னராசா அண்ணையின்ரை கட்டு. கடையிலை அரிசிப் பை இப்பிடித்தான் கட்டித் தாறவர்." சொல்லிவிட்டு வந்த ரயிலில் ஏறிப் போய்விட்டார். கிறீன் ஸ்ட்ரீட் பக்கம் பலசரக்குக் கடை வைத்திருந்த சின்னராசாவைத் தெரியாத தமிழர் அந்தப் பகுதியில் இல்லை. கடைக்கு ரெலிபோன் அடித்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

அதற்குள் ஒரு பொலிஸ்காரர் வந்துவிட்டார். ரயில் பொலிஸ், மிகவும் இளையவர், முந்திய வாரம் முழுக்க அவர் பார்த்தது என்ன என்று எனக்குத் தெரியாது. ஆகவே அவரை அதிகம் திட்டமாட்டேன். பை யாருடையது என்று கேட்டார். ஓர் இலங்கைத் தமிழரின் பயணப்பை என்று நினைக்கிறேன் என்றேன்.

"இலங்கைத் தமிழர்," என்றார். "அங்கேயும் குண்டு வைக்கிறார்கள் அல்லவா?"

வில்மட் ஒரு கையை உயர்த்தினார். அந்தக் கை உயர்ந்து முடிவதற்குள் பொலிஸ்காரர் ரேடியோவில் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டார்.

அதன் பிறகு எங்கள் யாருக்கும் வேலை இல்லை. இயந்திரம் தானாக ஓடத் தொடங்கியது. நிலையம் காலியானது, கதவு மூடப்பட்டது, தெருவின் இரண்டு பக்கமும் நாடா கட்டினார்கள். வேலைக்குப் போகவேண்டிய கூட்டம் தெருவில் நின்று எங்களைத் திட்டியது. இந்த நேரத்தில்தான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு பெண் வந்தார். நாற்பது வயதிருக்கும். ஈரத் தலை, மேலே கம்பளிச் சட்டை, கையில் எதுவும் இல்லை. பின்னால் குரங்குத் தொப்பியுடன் சின்னராசா.

நாடாவைக் கண்டதும் அந்தப் பெண் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார். சின்னராசாவை ஓர் ஓரமாக இழுத்துப் போனேன்.

"சின்னராசா அண்ணை, உந்தப் பையை ஆர் வைச்சது?"

"எந்தப் பை?"

"விசர்க் கதை கதையாதேங்கோ. உங்கடை கட்டு எண்டு ஊருக்கே தெரியும்."

"மெல்லமாக் கதையுங்கோ மாஸ்டர்." சுற்றிப் பார்த்துக்கொண்டார். "நான்தான். என்ரை ஒண்டுவிட்ட தங்கச்சி பரமேஸ்வரி. பத்து மணிக்கு அவளுக்குக் குரோய்டனிலை இன்டர்வியூ. அகதி கேஸ். வெளிக்கிடுற நேரம் சரியா ராகுகாலம்."

"அப்ப முந்தியே வெளிக்கிட்டிருக்கலாமே?"

"கிளீனிங் ஷிப்ட் ஏழரைக்குத்தானே முடியுது. குளிக்காமலும் போக ஏலாது."

"சரி, பையை உங்கடை கடை வாசல்லை வைச்சிருந்தா போதாதோ?"

"வாசல்லை வைச்சா ஆரும் தூக்கிக்கொண்டு போடுவாங்கள். ஸ்டேசன் எண்டாப் பாதுகாப்பு. நீங்களும் இருக்கிறியள்."

"வெறும் பை ஒண்டை வைச்சிருக்கலாமே, அண்ணை!"

"கடவுளை ஏமாத்தச் சொல்லுறியளோ? கொண்டுபோற பையைத்தான் வைக்கவேணும். அவளின்ரை ஒரிஜினல் எல்லாம் உதுக்குள்ளைதான் கிடக்கு."

"யாழ்ப்பாணத்துப் பஞ்சாங்கத்திலை லண்டன் ராகுகாலம் பாத்திருக்கிறியள். இஞ்சத்தைச் சூரியன் எப்ப எழும்பினது எண்டாவது தெரியுமோ?"

"நேரம் எண்டா நேரந்தான், மாஸ்டர்."

பொலிசிடம் போய் உள்ளதைச் சொல்லும்படி கேட்டேன். அப்போதுதான் அந்த மனிதரின் முகம் மாறியது. "ராகுகாலம் எண்டு வெள்ளைக்காரனுக்குச் சொல்லச் சொல்லுறியளோ? சிரிப்பான். குரோய்டனுக்கும் சொல்லிச் சிரிப்பாங்கள். இவள் ஒரு பட்டிக்காடு, சொல்லுறது எல்லாம் புளுகு எண்டு கேஸைத் தள்ளிப்போடுவாங்கள். மறந்துபோய் விட்டிட்டாள் எண்டு சொல்லுவம். ஆருக்குத்தான் மறதியில்லை?"

நான் தடுப்பதற்குள் பொலிஸ்காரர் அந்தப் பெண்ணிடம் போய்விட்டார். மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார். அங்கீகரிக்கப்பட்ட மொழிபெயர்ப்பாளர் அல்லாதவரைப் பயன்படுத்துவது பற்றி ஒரு விதி இருந்தது. அன்று அது யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

"பை என்ரை. மறந்துபோய் விட்டிட்டன்," என்றார் பரமேஸ்வரி, கீழே பார்த்தபடி.

"எப்போது?"

"காலமை."

"இவர் வைக்கவில்லை. குரங்குத் தொப்பி போட்ட ஓர் ஆண் வைத்திருக்கிறான்," என்றார் பொலிஸ்காரர். "யார் அவன்?"

என் பக்கத்தில் சின்னராசா குரங்குத் தொப்பியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் திணித்தார். இதைவிடத் தெளிவான குற்ற ஒப்புதலை நான் கண்டதில்லை.

பொலிஸ்காரரின் குரல் உயர்ந்தது. பொய் சொல்கிறார், இன்னொருவரை மறைக்கிறார், இந்தச் சட்டத்தின் கீழ் இவரை நாட்கணக்கில் தடுத்து வைக்கலாம் என்று சொல்லி, சட்டத்தின் பெயரையும் முழுமையாகச் சொன்னார். பயங்கரவாதத் தடுப்புச் சட்டம். இந்த நாட்டிலும் அதற்கு அதே பெயர்தான். பரமேஸ்வரிக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் அந்தச் சில சொற்களை அவர் ஊரில் இராணுவ முகாம் வாசலில் நின்று நின்று பாடமாக்கியிருந்தார். அவருடைய கணவரைக் கொண்டுபோனது அந்தப் பெயர் கொண்ட சட்டந்தான். வாய் மூடிக்கொண்டது. அதன் பிறகு தன் பெயரைக்கூடச் சொல்லவில்லை.

இராணுவ வண்டி வந்து நின்றது. அதிலிருந்து இறங்கியவர் ஐம்பது வயது மதிக்கத்தக்கவர், கையில் தேநீர்ப் பிளாஸ்க். பையைத் தூரக்கண்ணாடியால் பார்த்துவிட்டு வந்து, அன்று காலை யாரும் கேட்காத ஒரு கேள்வியைக் கேட்டார்.

"அந்தப் பழம் எதற்கு?"

நான் சொன்னேன். எல்லாவற்றையும், ராகுகாலம் உட்பட. அவர் சிரித்தார். சின்னராசா பயந்த சிரிப்பு அதுதான், ஆனால் அதில் நஞ்சு இருக்கவில்லை. "என் மனைவி பதின்மூன்றாம் தேதி பல் வைத்தியரிடம் போகமாட்டாள்," என்றார். "சரி. பையை அடுக்கியவரிடம் கேளுங்கள். மேலிருந்து கீழாக உள்ளே என்ன இருக்கிறது, ஒவ்வொன்றாக. எக்ஸ்ரே எடுக்கிறேன். அவர் சொன்னதும் நான் பார்ப்பதும் ஒன்றானால் நாங்கள் எல்லோரும் வீட்டுக்குப் போகலாம். இல்லையென்றால் வெடிக்க வைப்பேன்."

பரமேஸ்வரிக்குச் சொன்னால் ஆபத்தா, சொல்லாவிட்டால் ஆபத்தா என்று தெரியவில்லை. அந்த நேரத்தில் வில்மட் வந்தார். அவர் இவ்வளவு நேரமும் பிளாட்போமுக்கு முதுகு காட்டி, நாடாவுக்கு அருகில் நின்று, அந்தப் பெண்ணின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். பொலிஸ்காரரிடம் போய்த் தாழ்ந்த குரலில் சொன்னார்: "நீங்கள் ஒரு சட்டத்தின் பெயரைச் சொன்னீர்கள். அதுவரை அவர் கூச்சப்பட்டுக்கொண்டு நின்றார். அதன் பிறகுதான் பயந்தார். தயவுசெய்து அதை இனிச் சொல்லவேண்டாம். நீங்கள் அந்தப் பக்கம் போய்த் தெருவைப் பாருங்கள்."

பொலிஸ்காரருக்கு உத்தரவிட வில்மட்டுக்கு எந்த அதிகாரமும் இல்லை. விதிப்புத்தகத்தை அவரைவிட நன்றாக அறிந்தவன் நான், சொல்கிறேன். ஆனால் அந்தப் பொலிஸ்காரர் போனார்.

"தங்கச்சி," என்றேன், "இது அங்கத்தை ஆமி இல்லை. உந்தாள் பையைக் காப்பாத்தத்தான் கேக்கிறார். அண்ணை வைச்சது, ராகுகாலம், எல்லாம் சொல்லிப்போட்டன். ஒருத்தரும் அதை உன்ரை கேஸிலை எழுதேல்லை. இனி மறைக்க ஒண்டும் இல்லை. மேலை இருந்து சொல்லு. முதலிலை என்ன?"

அவர் விரல் மடித்து எண்ணத் தொடங்கினார். "மேலை ஒரு துவாய். அதுக்குக் கீழை கடுகு நிறச் சீலை. சீலைக்குள்ளை ஊசிப் பெட்டி. பிறகு பைல். லோயர் சொன்ன ஒரிஜினல் எல்லாம் அதுக்குள்ளை."

"பிறகு?"

"விபூதிச் சிமிழ். பித்தளை."

"அவ்வளவுதானோ?"

அவர் சின்னராசாவைப் பார்த்தார். சின்னராசா வேறெங்கோ பார்த்தார்.

"அவரின்ரை மணிக்கூடு," என்றார் பரமேஸ்வரி. "கைலேஞ்சியிலை சுத்தி அடியிலை வைச்சனான். அவரைக் கொண்டுபோனவங்கள் திருப்பித் தந்தது அது ஒண்டுதான். குரோய்டனிலை காட்டவெண்டு எடுத்தனான். அது வெடிச்சா எனக்குக் காட்டுறதுக்கு வேறை ஒண்டும் இல்லை, அண்ணை."

நான் மொழிபெயர்த்தேன்: கைக்குட்டையில் சுற்றிய, கணவரின் கடிகாரம். இராணுவக்காரர் பிளாஸ்க்கைக் கீழே வைத்தார். "அது ஓடுகிறதா?"

"ஓடுது. நான் தினமும் சாவி குடுக்கிறனான்."

லண்டனில், அந்த வாரத்தில், பிளாட்போமில் கிடந்த பைக்குள், டிக் டிக் என்று ஓடிக்கொண்டிருந்த மணிக்கூடு. சின்னராசா மெதுவாக, "இதை எனக்குச் சொல்லேல்லை," என்றார்.

"சொன்னதற்கு அவருக்கு நன்றி சொல்லுங்கள்," என்றார் இராணுவக்காரர். "படத்தில் முதலில் மணிக்கூட்டைக் கண்டிருந்தால் நான் இரண்டாம் தரம் யோசித்திருக்கமாட்டேன்."

எக்ஸ்ரேயில் மணிக்கூடு இருந்தது, சிமிழ் இருந்தது, ஊசிகள் இருந்தன. வயர் எதுவும் இல்லை. அவர் தன் கையால் கயிற்றை அவிழ்த்தார். அது அவருக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. சின்னராசாவின் முடிச்சு அப்படி. பையைக் கொண்டுவந்து பரமேஸ்வரியிடம் கொடுத்தார். அவர் துவாயையும் சீலையையும் விலக்கி, கைலேஞ்சியை எடுத்து, பிரிக்காமலே காதில் வைத்துக் கேட்டார்.

இனிக் குரோய்டன். நேரத்துக்குப் போக வழியில்லை. வராத ஆளின் வழக்கை, ஒத்துழைக்கவில்லை என்று தள்ளிவிடுவது அந்தக் காலத்தில் சாதாரணம். வில்மட் குரோய்டனுக்கு ரெலிபோன் அடித்தார். ரெலிபோனைப் பிடித்துக்கொண்டே காத்திருக்கும்படி சொன்னார்கள், காத்திருந்தார், தொடர்பு அறுந்தது. மறுபடி அடித்தார், மறுபடி அறுந்தது. ஒரு கடிதம் எழுதிக் கொடுத்துவிடலாமா என்று கேட்டேன்.

"கடிதம் போய்ச் சேர ஆறு வாரம். ஆள் ரயிலில் போகலாம்," என்று சொல்லி, ஆணியிலிருந்து மழைக்கோட்டை எடுத்தார். "நீங்களும் வாருங்கள், மிஸ்டர் நேதன். எனக்குத் தமிழ் தெரியாது."

நிலையத்தை உதவியாளரிடம் விட்டுவிட்டு நாங்கள் மூன்று பேரும் முதல் ரயிலில் ஏறினோம். வில்மட் பரமேஸ்வரிக்கு எதிரே அமர்ந்து கையுறையை மாட்டினார். அது முடிந்த பிறகு ஒரு கேள்வி கேட்டார்.

"அந்தக் கெட்ட நேரம் எத்தனை மணிக்கு முடிகிறது?"

"ஒன்பதுக்கு," என்றேன்.

மறுபடி அதே கேள்வி. மறுபடி ஒன்பது. அவர் தன் மணிக்கூட்டைப் பார்த்தார். ஒன்பது தாண்டியிருந்தது. "அப்படியென்றால், இவர் நல்ல நேரத்தில்தான் பயணம் செய்கிறார்," என்றார். முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை. பரமேஸ்வரி அன்று முதல்முறையாகச் சிரித்தார், மொழிபெயர்க்கும்படி கேட்கவில்லை.

குரோய்டனில் முன்மேசையில் இருந்தவர், தாமதத்துக்கு என்ன காரணம் என்று கேட்டார். "நாங்கள்தான்," என்றார் வில்மட். வேறு விளக்கம் தரவில்லை. அங்கேயே மழைக்கோட்டோடு உட்கார்ந்திருந்தார்; நேர்முகம் அன்று பிற்பகல் நடந்தது. மாதங்கள் கழித்துப் பரமேஸ்வரிக்கு இருக்க அனுமதி கிடைத்தது. அவர் பிறகு எட்மண்டன் பக்கம் போய்விட்டார். மணிக்கூடு இன்னும் ஓடுகிறதா என்று நான் கேட்டதில்லை.

வில்மட் அந்த வருடம் எங்கள் நிலையத்துக்கான அறிவுறுத்தல்களில் ஒரு வாக்கியம் சேர்க்கச் சொன்னார். கேட்பாரற்ற பொருள் கிடந்தால், அது எந்த மக்களின் வழக்கம் என்று அந்த மக்களைக் கேட்கவேண்டும் என்பது அதன் சாரம். நான் எழுதினேன், அரைப்புள்ளி பிழை என்று அவர் இரண்டு முறை திருப்பி அனுப்பினார். கடைசியாகத் தலைமையகத்துக்குப் போனது. தலைமையகம் அதை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கண்ணைப் பெரிதாகத் திறந்து பார்க்கும் ஒரு மனிதனின் படம் போட்ட சுவரொட்டியை அனுப்பியது.

சின்னராசா பாடம் கற்றாரா என்றால், இல்லை. கிறீன் ஸ்ட்ரீட் முழுக்க அவர் சொன்ன கதை வேறு. "பாத்தியளோ, ராகுகாலத்திலை போக விடாமல் மறிச்சது! பொலிசு, ஆமி, எல்லாத்தையும் கொண்டுவந்து ஒன்பது மட்டும் மறிச்சு வைச்சது! பை நல்ல நேரத்திலை வெளிக்கிட்டபடியால்தான் கேஸ் வெண்டது!" இராணுவக்காரரின் எக்ஸ்ரேக்கும், வில்மட்டின் மழைக்கோட்டுக்கும், என் தொண்டை வறண்டதற்கும் அந்தக் கதையில் இடமில்லை. அடுத்த வருடம் இன்னொரு உறவுக்காரரின் பயணத்துக்கு வந்து, "மாஸ்டர், இந்தமுறை உங்களிட்டைச் சொல்லிப்போட்டு வைக்கிறன்," என்றார். நான் கத்திய சத்தம் அடுத்த நிலையத்துக்குக் கேட்டிருக்கும்.

ஆனால், கஜன், உன் வகுப்பில் நீ சொல்லவேண்டியது இந்தக் கடைசிப் பகுதியைத்தான். அது நடந்து கொஞ்சக் காலத்தின் பின், நல்ல சன நெருக்கடியான ஒரு மாலை, சின்னராசா மூச்சு வாங்க நிலையத்துக்குள் ஓடி வந்தார். கடை ஏப்ரன்கூடக் கழற்றவில்லை. தன் கடையில் அரிசி வாங்க வந்து நின்ற பொலிஸ்காரர் ஒருவரையும் கையோடு இழுத்துக்கொண்டு வந்திருந்தார். நிலையப் படிக்கட்டுக்குக் கீழே, சுவருக்குப் பின்னால், ஒளித்து வைத்ததுபோல ஒரு பை கிடக்கிறதாம். முந்திய வருடமென்றால் அந்த மனிதர் கண்டும் காணாததுபோல் கடைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்திருப்பார்; பொலிஸ் பக்கம் தலைவைத்தும் படுத்திருக்கமாட்டார்.

அந்தப் பை ஒரு குழாய் வேலைக்காரர் மறந்துவிட்டுப் போனது என்று பிறகு தெரிந்தது. அன்று அது எங்களுக்குத் தெரியாது. படிக்கட்டை மூடினோம், ஆட்களை விலக்கினோம், இம்முறை அந்தச் சொல்லை நானே ரெலிபோனில் சொன்னேன். சொல்வதற்கு முன் சின்னராசாவிடம் ஒரு கேள்வி கேட்டேன். வில்மட்டிடம் கற்ற கெட்ட பழக்கம், அதையே இரண்டாம் தரமும் கேட்டேன்.

"வடிவாப் பாத்தனீங்களோ, அண்ணை? எங்கடை ஆக்கள் ஆரும் வைச்சதோ?"

"வடிவாப் பாத்தனான், மாஸ்டர். எங்கடை ஆக்களின்ரை இல்லை," என்றார் சின்னராசா. "தேசிக்காய் இல்லை."